கடைசிக் கிரகம்

"…அன்னைக்கு மட்டும் கரண்டு போகாம இருந்திருந்தா அந்தக் கடைசிக் கிரகத்தையும் புடிச்சிருப்பேன்ல" என்றாள் ராத்தா. ஒவ்வொரு பெருநாளுக்கும் என் அக்கா சொல்வதுதான். உம்மா மவுத்தான பிறகு ஏர்வாடி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். மூன்று வருடம் உம்மாவைப் படுக்கையில் பார்த்து ஓய்ந்த அவள் கைகள், பரணிலிருந்து இறக்கிய வீடியோ கேம் பெட்டியையும் அதன் ரிமோட்டையும் துடைத்தன.

அந்த ரப்பர் பட்டன் வாசத்தில் என் பன்னிரண்டு வயது திரும்பியது. வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி. விண்கலத்தை ஓட்டிக் கிரகம் கிரகமாகப் பிடிக்க வேண்டும். தோற்றால் மறுபடி முதலிலிருந்துதான். பள்ளி முடித்திருந்த ராத்தா, எந்தக் கிரகத்தில் எப்படிப்பட்ட ஆட்கள் இருப்பார்கள் என்று பழைய நோட்டில் எழுதிவைப்பாள். பாங்கு கேட்டால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துத் தொழப் போக வேண்டும் என்பது உம்மாவின் சட்டம்.

கடைசிக் கிரகத்தை அவள் எட்டிய அன்று அசர் பாங்கு கேட்டது. அவள் தொழப் போனதும் நான் ரிமோட்டை எடுத்தேன். மூன்றே நொடியில் கலம் வெடித்தது. பயத்தில் வயரைப் பிடுங்கிவிட்டு, கரண்டு போய்விட்டது என்றேன். அந்த மாதமே அவளுக்கு நிக்காஹ். அதன்பின் அவள் ஆடவேயில்லை.

சுமந்தது போதும் என்று தோன்றியது. "கரண்டு போகல ராத்தா. நாந்தான்…"

"தெரியும்லே. மேல ஃபேன் சுத்திக்கிட்டுல்ல இருந்துச்சு! உம்மா உன்ன உரிச்சுப்புடுவாகன்னு பேசாம இருந்தேன்."

அப்போது அசர் பாங்கு ஒலித்தது. ராத்தா முட்டியைப் பிடித்தபடி எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். இந்தத் தடவை ரிமோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் தொழப் போனாள்.