நூல் அறுந்த நாட்கள்

இன்று காலை என் கணவர் தையல் மெசின் எண்ணெயை எடுத்துக்கொண்டுபோய் வாசல் படலைப் பிணைச்சலுக்கு விட்டார். எங்களுடையது இரும்புப் படலை. திறந்தால் உருத்திரபுரத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும். எண்ணெய் மணம் குசினிவரை வந்தது. நான் என்னையறியாமல் கேத்திலில் இன்னும் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கூட விட்டேன். மெசின் எண்ணெய் மணந்தால் செல்வி வருகிறாள் என்று என் மூக்குக்கு இன்னும் நினைப்பு. அவள் போய் நாலு வருடமாகிறது என்று மூக்குக்கு யாரும் சொல்லவில்லை.

மெசின் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெசின்தான். அதிலும் இருப்பதற்குள் சின்னது, மலிவானது. கிளிநொச்சிக் கடையில், "வீட்டுப் பாவனைக்கு இது காணும்" என்று சொல்லித் தந்தார்கள். ஓட்டினால் தானும் நகர்ந்து மேசை விளிம்புக்குப் போகும். கீழே உரப்பையை மடித்து வைத்த பிறகுதான் அடங்கியது. முதல் நாளே அதன் கத்தி என் கணவரின் சாரத்தில் நாலு விரலளவு தின்றுவிட்டது. அவர் அந்தச் சாரத்தை இன்னும் உடுக்கிறார். கணுக்காலுக்குக் காற்றோட்டம் நல்லதாம்.

நான் நாயாற்றுக் கடற்கரைப் பெண். கிழிந்த வலையைப் பொத்தத் தெரியும். ஆனால் இந்த மெசினில் மூன்று நூல். ஒன்று ஊசிக்கு, மற்ற இரண்டும் கீழே ஒளிந்திருக்கிற வளைந்த கொக்கிகளுக்கு. முள்ளுப் பிடுங்குகிற சாவணத்தால் நூலைப் பிடித்துக் கோக்க வேண்டும். அப்போது கலியாணம் முடித்து இங்கே வந்த புதிது. கணவர் வவுனியாவில் மேசன் வேலை செய்து சனிக்கிழமைகளில் வருவார். மற்ற நாட்களில் எனக்குக் கதைக்க ஆளில்லை. ரேடியோவுக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

செல்வி அடுத்த காணியில் இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்கிற குடும்பத்தின் மருமகள். கலியாணத்துக்கு முன் ஆடைத் தொழிற்சாலையில் பெரிய ஓவர்லொக் மெசினில் வேலை செய்தவள். அவளுக்கும் கதைக்க ஆளில்லை. மாமியார் இருந்தார், அது வேறு. காரணமில்லாமல் வீட்டை விட்டு இறங்கினால், "அங்க என்னாடி வேல?" என்று கேட்பார். நூல் கோப்பது வேலை. அதற்கு விடுவார். நாயாற்றிலிருந்து என் அண்ணன் அனுப்பும் கருவாட்டில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செல்வி வந்த முதல் நாள் நான் மெசினுக்கு மேல் மாதா படம் வைத்தேன், அவள் சந்தனப் பொட்டு வைத்தாள். இரண்டு சமயமும் சேர்ந்து காவல் இருந்தும் நூல் மூன்று நாளைக்கு ஒருமுறை அறுந்தது. வேலிக்கு மேலால் கூப்பிடுவேன். படலை கிறீச்சிடும். அவள் மெசினுக்கு எண்ணெய் விட்டு, நூல் கோத்து, தேத்தண்ணீர் குடித்து, போகும்போது மஞ்சள் திருகை ஒரு புள்ளி இறுக்குவாள். நூலை இழுத்துப் பிடிக்கிற திருகு அது.

"இறுக்கமா இருந்தாத்தான்க்கா தையலு அழகா இருக்கும்."

தொழிற்சாலையில் வேலை செய்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் எனக்கே கோக்கத் தெரிந்துவிட்டது. பயந்துபோனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. ஒருமுறை ஐந்து நாள் நூல் அறாமலே ஓடியது. ஆறாம் நாள் நானே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு வேலிக்குப் போனேன்.

ஒரு நாள் செல்வியோடு மாமியாரும் வந்தார். கதிரையை மெசினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்பிடி என்னா நூலுன்னு நானும் பாக்குறேன்."

இன்றைக்கு இது ஒழுங்காக ஓடினால் செல்வி இனி வரமாட்டாள். செல்வி கோத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே திருகை இறுக்கினாள். நான் தைக்க வந்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்றை வைத்து ஓட்டினேன். ஒரு சாண் போனதும் டக்கென்று அறுந்தது. மாதாவுக்கு அப்படி நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

"இந்த மிசின வித்தவன் நல்லா இருப்பானா?" என்றார் மாமியார். "இருந்து கோத்துக் குடுத்துட்டு வாடி."

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தேத்தண்ணீர் மட்டும் குடித்தோம்.

செல்வியின் கணவருக்கு வவுனியாவில் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்ததை என் கணவர் கண்டார். "ஏன் இதை இவ்வளவு இறுக்கி வச்சிருக்கிறீர்?" என்று திருகைத் தளர்த்திவிட்டார். அதன் பிறகு நூல் அறுந்ததே இல்லை. ஒரு மாதம் பொறுத்துச் செல்விக்கு ஃபோன் எடுத்தேன்.

"திருகை இறுக்கினால் நூல் அறும் எண்டு உனக்குத் தெரியாதோ?"



"தெரியும்க்கா. ஒங்களுக்குக் கோக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

இருவரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கியது. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

போன வருடம் அவளுடைய மாமியார் காலமாகிவிட்டார். இப்போது என்ன வேலை என்று கேட்க ஒருவருமில்லை. வவுனியா பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனாலும் நான் போகவில்லை, அவள் வரவில்லை. காரணம் இல்லாமல் போய்வர நாங்கள் பழகவே இல்லை.

என் கணவர் கெட்டிக்காரர். அவர் எதையாவது திருத்தினால் அது பிறகு சத்தம் போடாது. படலையைத் திறந்து மூடிக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனார். நான் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து மஞ்சள் திருகை முட்ட இறுக்கி ஓட்டினேன். ஒரு சாண் போனதும் அறுந்தது. வேலிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தும்விட்டேன். அந்தக் காணியில் இப்போது வேறு ஆட்கள், ஆடு வளர்க்கிறார்கள். சாவணத்தை எடுத்து நானே கோத்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. செல்விக்கு இதற்கு எப்போதும் ஒரு மணித்தியாலம் எடுக்கும்.