டர்போ வாங்கிய நாலு நாள்

திங்கட்கிழமை மத்தியானம் தாராபுரம் தாண்டி டிரைவர் அண்ணன் போன் செய்தபோது, நான் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, வண்டி இழுக்க மாட்டேங்கு. சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்குது. பின்னால ஒரே கரும்புகை" என்றார்.

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய சரக்கை நினைத்து அல்ல. அதை வேறு லாரிக்கு மாற்றி அன்றே அனுப்பிவிட்டோம். எனக்கு நினைவு வந்தது ஒரு துணி.

எங்கள் பனியன் கம்பெனியில் தையல், கட்டிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. லாரி என் பொறுப்பு. டிரைவர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை லீவு. நான்தான் சும்மா இருக்க மாட்டேனே! முந்தின நாள் லாரியின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, தையல் மெஷினில் படியும் பஞ்சை ஊதும் ஏர் கன்னால் ஊதி சுத்தம் செய்தேன். எங்கள் ஊரில் காற்றோடு பாதி பஞ்சுதான் பறக்கிறது, ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதுவரை திறந்து கிடந்த, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் தூசி போகக்கூடாது என்று ஒரு துண்டு பனியன் வேஸ்ட்டை அதன் வாயில் திணித்து வைத்தேன். பிஸ்தா பச்சை நிறம், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆர்டரின் கட்டிங் கழிவு. திருப்பூரில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் கை தானாகப் பனியன் வேஸ்ட்டைத் தேடும். எண்ணெய் கேன், தண்ணீர்க் குழாய், ஆடுகிற ஜன்னல் எல்லாவற்றுக்கும் அதுதான் மூடி. அப்போது ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே ஃபில்டரை மாட்டினேன்.

துணியை எடுத்தேனா? எடுத்திருப்பேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லாரியைப் பெருமாநல்லூரில் எங்கள் மெக்கானிக் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். டர்போ போய்விட்டது என்றார் மெக்கானிக். எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாமான் அது. அது இல்லாவிட்டால் லோடு ஏற்றிய லாரி மேட்டில் தவழும்.

"நான் சொன்னேனில்ல?" என்றார் வீட்டுக்காரர். "டிரைவரு லாங் ட்ரிப் ஓட்டிட்டு வந்து நிறுத்துனதும் சாவியத் திருப்பி அணைச்சுப்போடறாரு. ரெண்டு நிமிசம் சும்மா ஓடவுட்டு அணைக்கோணும், இல்லாட்டி டர்போ எண்ணெய் இல்லாம சூட்டுல வெந்து போகும். எத்தன தடவ சொல்றது? மாசக் கடைசியோட வேற ஆளப் பாத்துக்கலாம் அம்மிணி."

டிரைவர் அண்ணன் தெற்கத்திக்காரர், பதினோரு வருஷமாக எங்களிடம் ஓட்டுகிறவர். மகள் இங்கேதான் பன்னிரண்டாவது படிக்கிறாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால், "ஆமாங்க, பாக்கலாமுங்க" என்றேன்.

அதன்பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. நல்ல டர்போவாக வாங்கி மாட்டிவிட்டால், வண்டி ஒழுங்காக ஓடினால், இந்தப் பேச்சே அடங்கிவிடும் என்று நம்பினேன். தெரிந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். புதுசுதான் வாங்கணும் என்றார் ஒருவர். பழசை ரீகண்டிஷன் பண்ணினால் அதுவே தாராளம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நாற்பது நிமிஷம் பேசிவிட்டுக் கடைசியில் தன் வண்டியில் டர்போவே கிடையாது என்றார். அவரை அன்று நேரில் பார்த்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். செவ்வாயும் புதனும் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பிஸ்தா பச்சை.

வியாழக்கிழமை காலை பழைய டர்போவை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, டர்போவுக்கென்றே இருக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கம்பெனி புதுசு. ஒன்று ரீகண்டிஷன். மூன்றாவது பளபளப்பான பெட்டியில் வந்த மலிவு சரக்கு. ஃபைனல் செக்கிங்கில் துணியைப் பார்ப்பதுபோல ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு இறக்கையின் ஓரத்தையும் பார்த்தேன். விரலால் சுற்றிவிட்டேன். இறக்கைகள் சுற்றும் நடுத்தண்டை ஆட்டிப் பார்த்தேன். மலிவு சரக்கில் லேசான ஆட்டம் இருந்தது, அதை ஓரம் தள்ளினேன். தகட்டில் இருந்த டர்போ நம்பர் எங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று மூன்று முறை கேட்டேன். அவர் மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"நம்பகமா எது இருக்குமுங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அதுக்கு முன்னால இது எதுனால போச்சுன்னு பாக்கோணுமுங்க. அது தெரியாம எத மாட்டுனாலும் போயிருமுங்க" என்று சொல்லி, என் அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்டுல தேய்மானமே இல்லீங்க. எண்ணெய் நல்லாத்தான் வந்திருக்குது. காத்து இழுக்கற பக்கந்தானுங்க இறக்கை மடங்கியிருக்குது. ஏதோ உள்ள போயிருக்குதுங்க" என்றார். பிறகு இடுக்கியால் எதையோ பிடுங்கி உள்ளங்கையில் வைத்தார். பச்சை நூல், ஒரு விரல் நீளம். "நம்மூர்ல நூல் இல்லாத எடம் ஏதுங்க" என்று சிரித்து ஊதிவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. டிரைவர் அண்ணன்மேல் தப்பில்லை என்பதற்கு இருந்த சாட்சி, என் கண்முன்னே பறந்து தரையில் விழுந்தது. குனிந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். கம்பெனி புதுசையே கட்டச் சொன்னேன்.

பட்டறைக்குப் போய்ச் சேரும்போது இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. மீதித் துணி குழாய்க்குள் இருந்தால் இந்த டர்போவும் போய்விடுமே!

"காத்துப் போற பைப்பு, கூலர் எல்லாத்தையும் கழட்டிக் கழுவிப்போட்டு மாட்டுங்க" என்றேன் மெக்கானிக்கிடம்.

"டிரைவரண்ணன் செவ்வாக்கெழமையே கழட்டிக் கழுவி வெச்சுட்டாருங்க. நாங்க சொல்லவேயில்லீங்க, அவராத்தான்" என்றார்.

டிரைவர் அண்ணன் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார். மாசக் கடைசிவரை பொறுக்காமல் வீட்டுக்காரர் வேறு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருப்பதாக அப்போதுதான் எனக்கு போன் வந்திருந்தது. இனி தள்ளிப்போட நேரமில்லை.

"ஏனுங்கண்ணா, அது உங்க தப்பு இல்லீங்க. நான் ஞாயித்துக்கெழம குழாயில துணி வெச்சனுங்க. எடுக்க மறந்துட்டேன்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கேபினில் ஏறி, டேஷ்போர்டைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து கொடுத்தார். உள்ளே பிஸ்தா பச்சைத் துணி, பாதி கிழிந்து, கரி படிந்து.

"தாராபுரத்துலயே எடுத்துட்டேன்க்கா. குழாயில துணி அடைக்கது நம்ம வண்டியில யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே காட்டியிருக்கலாமில்லீங்க?"

"நீங்களே சொல்லுவீயன்னு பாத்தேன். நாலு நாளாயிட்டு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். பைக்கின் பின்னால் புது ஆள். நான் கவரை அவர் கையில் கொடுத்து, நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புது ஆளை டீ குடிக்க அனுப்பினார்.

மாலை நாலு மணிக்கு டர்போ மாட்டி முடிந்தது. டிரைவர் அண்ணன் லாரியை எடுத்துக்கொண்டு பைபாஸ்வரை போய்த் திரும்பினார். புகை இல்லை. பட்டறை வாசலில் நிறுத்தியவர் சாவியில் கை வைத்தார், ஆனால் திருப்பவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ரெண்டு நிமிஷமும் நானும் வீட்டுக்காரரும் கீழே நின்றுகொண்டிருந்தோம்.