சிவபாலனின் பெற்றோல்

சிவபாலன் மீது எனக்குப் பொறாமை. நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் தன்னாமுனை வாவிக்கரையில் ஒரு விழா. சுனாமியில் தோணி இழந்தவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் புதுப் படகுகள் கொடுத்தது. செய்தியாளர்களை மட்டக்களப்பிலிருந்து ஏசி போட்ட வான் வண்டியில் அழைத்துப் போனார்கள். சிவபாலன் மட்டும் தன் பழைய மோட்டார் சைக்கிளில் வியர்த்து வழிய வந்து சேர்ந்தான். பாவம் என்று நினைத்தேன்!

எங்கள் செய்தியாளர் சங்கத்தில் போன மாதம்தான் ஒரு தீர்மானம் போட்டோம் — விழாக்களில் யாரும் காசு வைத்த கவர் வாங்குவதில்லை. முன்மொழிந்தவன் அடியேன். அன்றைக்கும் ஒருவரும் வாங்கவில்லை. வானைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லையே...

ரிப்பன் வெட்டினார்கள். படம் எடுத்தோம்.

"ஏறுங்க, ஏறுங்க, அடுத்த புரோகிராமுக்கு நேரமாகுது" என்றார் நிறுவனத்து அதிகாரி. ஏறினோம்.

படகைத் தண்ணீரில் இறக்கியது அதற்குப் பிறகுதான். கடலுக்கென்று செய்த படகு. வாவியில் ஏது அந்த ஆழம்? சேற்றில் தட்டி நின்றுவிட்டது. எல்லோரும் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. அதைப் படமெடுக்க அங்கே மிச்சமிருந்தது சிவபாலன் ஒருவன்தான்.

அவனுடைய படகு முதல் பக்கத்தில். என் ரிப்பன் ஏழாம் பக்கத்தில். வயிறு எரியாதா?

நேரில் பார்த்துவிடலாமென்று பஸ் பிடித்துத் தன்னாமுனைக்குப் போனேன். படகு வாங்கிய கந்தசாமி அண்ணனின் கையில் என் பத்திரிகை.

"உங்கட பேப்பரில படகு நல்லா ஓடுது தம்பி. நான்தான் இன்னும் தொழிலுக்குப் போகல்ல" என்றார். "சிவபாலன் தம்பி எழுதினதுக்குப் பிறகுதான், மாத்தித் தாறமெண்டு வந்து சொல்லிட்டுப் போறாங்க. இல்லாட்டி எங்கட அடுப்பு எரிஞ்சாப்போலதான்."

பொய் எழுதச் சொல்லி யாரும் எங்களைக் கேட்கவில்லை. வான் கிளம்பும் நேரத்தை மட்டும் அவர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் பத்திரிகைகளோ அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு தரும், போய்வரும் செலவு எங்களுடையது. சிவபாலனுக்குக் கொக்கட்டிச்சோலை வட்டையில் சொந்த வயல் இருக்கிறது. நெல் விற்ற காசில் பெற்றோல் அடிக்கிறான். ஒழுக்க விதிகளைக் கைதூக்கி நிறைவேற்றலாம்... பெற்றோலுக்கு யார் கைதூக்குவது?

நேற்று அவனைக் கண்டபோது கேட்டேவிட்டேன். "உனக்கென்ன, வயல் இருக்கு!"

சிரித்தான். "பிறகு கதை என்னத்துக்கு அண்ணன்? பின் சீற் சும்மாதானே கிடக்கு. பெற்றோலில பாதியைப் போட்டுட்டு ஏறுங்க."

இந்தப் பத்திக்கு வரும் காசு அந்த டாங்கிக்குள்தான் போகப்போகிறது.

பொறாமை மட்டும் போகவில்லை — ஹாண்டில் இன்னும் அவன் கையில்தானே!