மாமாவின் உமிக்குழாய்

பழைய லாரி வைப்பர் மோட்டார் ஒன்றை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போளூரில் மலை பஸ் ஏறிய காலை இன்றைக்கும் அப்படியே நினைவில் இருக்கிறது. மோட்டார் ஒரு பிஞ்சுப் பலாக்காய் அளவுதான். ஆனால் கிரீஸ் பிசுக்கு பையைத் தாண்டி என் வேட்டிக்கு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் பையையே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் பொறுக்க மாட்டாமல், "இன்னா தம்பி, மலைக்கே பலாக்கா கொண்டும் போறியா?" என்றார். "இல்லீங்க, உமி ஊதற குழாயத் திருப்பற மோட்டாருங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழுக்கதையையும் சொல்லியிருந்தால் எழுந்து வேறு இருக்கைக்கே போயிருப்பார்.

எண்பதுகளின் முற்பகுதி அது. கண்ணமங்கலத்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிற கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என்று நான் சொல்வது என் அக்கா புருஷனை. சந்தவாசல் பக்கம் அண்ணன் தம்பிகளோடு கூட்டுக் குடும்பம், கிணற்றுப் பாசன நிலம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதையெல்லாம் உடன்பிறந்தவர்களிடம் விட்டுவிட்டு, ஜவ்வாது மலையில் சாமை குத்துகிற மில் போடப்போகிறேன் என்று ஒரு நாள் கிளம்பிவிட்டார். அக்காவும் கூடவே போய்விட்டாள். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கும் கோபம்தான். அந்த ஊருக்குக் கரண்டு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாமாவுக்கோ ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கவே பயம். மின்சாரத்தின் மேல் அவருக்கு இருந்தது அறிவு அல்ல, பக்தி. ஸ்விட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் போடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் என்ன சொல்லி என்ன பயன்?

மில் வைத்த இடம்தான் வம்பு. வாசலுக்கு எதிரே ஊருக்குப் பொதுவான பெரிய பாறை. அறுப்புக் காலத்தில் ஊர் முழுக்க அதில்தான் சாமை காயப்போடும். இந்த வீட்டுக்கு இந்த இடம் என்று பாட்டன் காலத்துப் பாத்தியம் உண்டு. மில்லின் உமியைக் காற்றாடி உறிஞ்சி, கூரைக்கு மேல் போகிற தகரக் குழாய் வழியாக வெளியே ஊதும். குழாயின் வாய் வளைந்திருக்கும். அது கொல்லையிலுள்ள உமிக்குழியைப் பார்த்து நிற்க வேண்டும். காற்று எதிர்த்து அடித்தால், பக்கவாட்டில் ஓடைச் சரிவைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பவில்லை என்றால் உமி அத்தனையும் கூரையைத் தாண்டி வந்து பாறையில் காயும் சாமையில் கொட்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் மலைக்காற்றுக்கு நிலை கிடையாது. ஒவ்வொரு தடவையும் மாமா மிஷினை நிறுத்திவிட்டு ஏணி வைத்துக் கூரை ஏறிக் குழாயைத் திருப்புவார். அதற்குள் பாறையிலிருந்து வசவு வந்து சேர்ந்துவிடும்.

ஒரு தடவை அவசரத்தில் ஏறிக் கால் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் ஏணிப் பக்கமே போக முடியவில்லை. அந்த வாரத்தில் இரண்டு தரம் உமி கொட்டியது. ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் வந்து நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "அறுப்பு முடியற வரைக்கும் பாப்போம். இன்னொரு தரம் பாறையில உமி வுழுந்துச்சின்னா மிஷினக் கீழ எறக்கிக்குங்க." அதற்குப் பிறகுதான் மாமா பஸ் கண்டக்டரிடம் சொல்லி என்னை வரச்சொன்னார். கூரை ஏறாமலே உமிக்குழாயைத் திருப்ப ஒரு மோட்டார் கொண்டுவரச் சொன்னார் என்று கண்டக்டர் சொன்னாரே தவிர, எதற்கு என்று அவருக்கும் விளங்கவில்லை.

பஸ் நின்ற இடத்திலேயே மாமா காலைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். பையை வாங்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தார். நான் வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன்.

"இன்னாத்துக்கு மாமா இந்தத் தலைவலி? மிஷினக் கயட்டி சந்தவாசல்ல போட்டா நெல்லு குத்த ஊரே வருமே?"

"வரும் மச்சான். உங்கக்கா வரமாட்டா" என்றார். கொஞ்ச தூரம் போய், "கீழ ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தான்னா பத்து நாளு மொகத்தத் தூக்கி வெச்சினு இருப்பா. இங்க வந்து பாரு, வாய் ஓயறதில்ல" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன, குழந்தை இல்லை. கீழே எந்த வீட்டுப் படியேறினாலும், தண்ணீர் கொடுக்கும் முன்பே "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வி வந்துவிடும். எங்கள் அம்மாவே கேட்பாள். மலையில் அவளை யாரும் அதைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத ஓர் ஊரைத் தேடித்தான் இந்த மனிதர் தனக்குத் தெரியாத தொழிலுக்கு வந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வேலை சின்னதுதான். கூரைக்கு அடியில் குழாயைச் சுற்றி ஒரு சைக்கிள் பல்சக்கரம், அதிலிருந்து செயின், செயினை இழுக்க இந்த மோட்டார், ஓட்டுவதற்கு ஒரு பேட்டரி. வயரின் இரண்டு முனையையும் இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று நம்பித்தான் போயிருந்தேன். மாற்றினேன். அது பாட்டுக்குப் பழைய பக்கமே சுற்றியது. மறுபடியும் மாற்றினேன், அதே பக்கம். "உங்கக்கா பொறந்த ஊரு மோட்டாரா மச்சான்?" என்று கேட்டார் மாமா. உள்ளேயிருந்து அக்கா, "ரெண்டு பேருக்கும் இன்னிக்கு சோறு கெடையாது" என்று குரல் கொடுத்தாள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச் சுருள். சுற்றாத சுருளுக்கும் சுற்றுகிற பாகத்துக்கும் ஒரே வயரில் கரண்டு போகிறது. இரண்டும் சேர்ந்து திரும்பினால் மோட்டார் திரும்பாது, ஒன்றைத்தான் திருப்ப வேண்டும். காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு இதுகூடத் தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டு, சுற்றுகிற பாகத்துக்குப் போகிற வயரைத் தனியாகப் பிரித்து எடுத்தேன். அதை மட்டும் ஸ்விட்ச் வழியாகக் குறுக்கே மாற்றிக் கட்டினேன். ஸ்விட்சை மேலே தள்ளினால் குழாய் உமிக்குழிப் பக்கம், கீழே தள்ளினால் ஓடைப் பக்கம், நடுவில் விட்டால் நிற்கும்.

ஆனால் மாமா நடுவில் விடுகிற ஆள் இல்லை. அழுத்தினால் அழுத்தியபடியே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். குழாய் ஓடைப் பக்கத்தைத் தாண்டினால் அடுத்தது பாறைதான். அதற்காக இரண்டு எல்லையிலும் பித்தளைத் தகடு ஜோடி ஒவ்வொன்று வைத்தேன். தகடு இரண்டும் ஒட்டியிருக்கும் வரை கரண்டு போகும். குழாயில் அடித்த ஆணி வந்து நெம்பினால் தகடு விலகும், மோட்டார் தானே நின்றுவிடும். மாமா அந்தத் தகடுகளை எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம், "இந்த மில்லுக்கே அதாங்க சாமி. நம்மள இந்த ஊர்ல வெச்சினு இருக்கறதே அதுதான்" என்று சொல்ல ஆரம்பித்தார். பாறையிலிருந்த பெண்கள் வந்து குழாய் திரும்புவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா அவர்களுக்கு ஸ்விட்சைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆயுத பூஜைக்கு என்னை நிறுத்திக்கொண்டார்கள். மிஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அன்றைக்கு மில்லுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துத் தொழில் தொடங்க வேண்டும். அதே காலையில் பாறையில் கவுண்டர் வீட்டம்மா புதுச் சாமையைப் பரப்பியிருந்தார். அது சாமிக்குப் படைக்கிற முதல் சாமை. அதை மில்லில் போட மாட்டார்கள், உரலில்தான் குத்துவார்கள். மாமா கற்பூரம் காட்டி மிஷினை ஓடவிட்டார். காற்று திரும்பியதும் ஸ்விட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கீழே தள்ளினார். குழாய் ஓடைப் பக்கம் போனது. அங்கே நிற்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். செயின் அறுந்த சத்தமும் பாறையிலிருந்து அலறலும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் சாமிச் சாமை உமியால் மூடிவிட்டது.

சாக்கு மூட்டை மேல் ஏறிப் பார்த்தேன். ஓடைப் பக்கத்துப் பித்தளைத் தகடு இரண்டையும் சேர்த்து, சாமந்திச் சரம் ஒன்று சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. ஆணி நெம்பியும் வாழைநார் தகட்டை விலக விடவில்லை. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். அக்கா பூக்கட்டினால் கடைசியில் ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போடுவாள். திரும்பிப் பார்த்தேன். அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. மாமாவும் அதே சரத்தைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறைக்குப் போனார்.

ஊர் கூடிவிட்டது. கவுண்டர் ஒரு பிடி சாமையை அள்ளி ஊதிப் பார்த்துக் கீழே போட்டார். மாமா அவர் முன்னால் நின்று, "தப்பு என்னுதுங்க. பூ வெக்கறேன்னு தகட்டுல நான்தான் சுத்திட்டேன். புத்தி கெட்டுப்போச்சி" என்றார்.

"சொன்னது ஞாபகம் இருக்குதா?" என்றார் கவுண்டர்.

"இருக்குதுங்க. எறக்கிக்கறேன்."

அப்போது அக்கா நடந்து வந்தாள். நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. "அவரு பொய் சொல்றாருங்க. நான்தான் கட்டனேன். இந்த ஊர்ல எங்கள வெச்சினு இருக்கறது அதுதான்னு அவரு சொன்னாரு. அதான் மொதப் பூவ அதுக்கு வெச்சேன்" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "எங்களக் கீழ அனுப்பிடாதீங்க. கீழ எல்லாரும் என் வயித்தத்தான் பாக்கறாங்க. இங்கதான் என் மூஞ்சப் பாத்துப் பேசறாங்க."

மாமா தலை குனிந்து அழுதார். எங்கள் வீட்டில் இத்தனை பேர் இருந்தும், அவளை இப்படி ஊர் நடுவில் நின்று சொல்ல வைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் அசைந்தவர் கவுண்டர் வீட்டம்மாதான், சற்று முன் எல்லோரையும்விட அதிகம் கத்தியவர். முறம் ஒன்றைக் கொண்டுவந்து அக்கா கையில் திணித்து, "அழுதுனு நின்னா உமி போய்டுமா? ஒக்காரு, பொடைக்கலாம். சாமிக்கு வேற சாமை வூட்ல இருக்குது" என்றார். இன்னும் சில பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். கவுண்டர் மனைவியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "பூ வெச்சதுக்கு ஊர வுட்டு அனுப்பனா, சாமி நம்மள இன்னான்னு நெனைக்கும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த ஸ்விட்ச உள்ள வெக்காத. பாறைப் பக்கம் செவுத்துல வெய்யி. உமி எங்க வுழுதுன்னு பாக்கறவங்க கையில இருக்கட்டும்" என்றார். மத்தியானத்துக்குள் வயரை நீட்டி மாற்றிக் கட்டிக் கொடுத்தேன். அன்று முதல் குழாயைத் திருப்பியது பாறையில் சாமை காயவைத்த பெண்கள்தான். மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மில் இப்போதும் ஓடுகிறது. குழாய் போய், உமியைப் பிடிக்கப் பெரிய துணிப்பை வந்து எத்தனையோ காலமாகிறது. போன தை மாதம் மாமா தவறிவிட்டார். சந்தவாசல் நிலத்தில் அடக்கம் செய்வதாக அவருடைய தம்பிகள் முடிவு செய்தார்கள். உடலைக் கீழே கொண்டுவர நான் போளூரில் வேன் பிடித்துக்கொண்டு மேலே போனேன். அக்காவைச் சுற்றி அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய கவுண்டரின் மகன்தான் இப்போது ஊர்க் கவுண்டர். வேன் டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். டிரைவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். அந்த ஊரில் வெளியாளுக்கு அடக்கம் செய்ய இடம் கொடுத்ததே இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எடம் வெட்டியாச்சுங்க. எங்கப்பா பக்கத்துலயே" என்றார் கவுண்டர் என்னிடம்.

நான் தடுமாறிப்போனேன். "கீழ அவரு தம்பிங்கல்லாம் காத்துனு இருக்காங்களே" என்றேன்.

"அவங்கள மேல வரச் சொல்லுங்க" என்றார்.