பணயக்கைதியாகப் போன பெரியநாயகி அக்கா

சுங்கை ஊடாங் இராணுவ கேம்புக்கு எதிரே எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. ஒருநாள் காலை நான் ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது சார்ஜன் சேகரன் வந்து என் வீட்டுக்காரர் ஜமாலுதீனிடம், "பாய், ஒரு உதவி வேணும். எங்களுக்குப் பணயக்கைதிங்க வேணும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குக் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிவிட்டது.

சேகரன் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர் பச்சைத் தொப்பிக்காரர். கெராக் காஸ் என்று மலாயில் சொல்லும் கமாண்டோ படை. அதில் தமிழர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கடையில் உட்கார்ந்தால் அந்தப் படையின் கதையை அலுக்காமல் சொல்வார். அறுபதுகளில் இந்தோனேசியாவோடு தகராறு நடந்தபோது, எல்லை தாண்டிக் காட்டுக்குள் புகுந்தவர்களைத் தேடிப் போக ஆரம்பித்த படை அது. முதலில் வெள்ளைக்காரக் கமாண்டோக்கள்தான் வந்து பழக்கினார்களாம். பிறகு வருஷக்கணக்காகக் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடினார்கள். எண்பத்தொன்பது கடைசியில் கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தைக் கீழே வைத்து ஒப்பந்தம் போட்டார்கள். காட்டு வேலை குறைந்தது.

"இப்ப விமானம், கப்பல், கட்டடம்னு யாராவது ஆளுங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டா உள்ள பூந்து மீட்கணும். அதைத்தான் ரொம்பப் பழகுறோம். ஆனா எங்க ஆளுங்களையே கைதியா உக்கார வச்சா, கதவு உடையிறதுக்கு முன்னாடியே குப்புறப் படுத்து காதைப் பொத்திக்கிறானுங்க. அவனுங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஒண்ணும் தெரியாத ஆளுங்க வேணும் பாய்."

"எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு தம்பி" என்று என் வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

மூலை மேசையில் பெரியநாயகி அக்கா கோப்பியில் பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேம்ப் ஆபீசுகளைக் கூட்டித் துடைக்கும் வேலை அவருக்கு. எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். புருஷன் அங்கமுத்து காலமாகி, தோட்டமும் வீட்டு மனைக்கு விற்கப்பட்ட பிறகு மகள் புனிதாவோடு இங்கே வாடகைக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் கை இரும்பு. கைலிக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளும் தோட்டத்துப் பழக்கம் மாறவேயில்லை.

"உக்காந்திருக்கிற வேலைதானே தம்பி? ரம்லா வந்தா நானும் வர்றேன்" என்றார் என்னைக் காட்டி.

தொண்ணூற்றிரண்டில் அப்படித்தான் நாங்கள் இருவரும் பணயக்கைதிகள் ஆனோம்.

பயிற்சித் திடலில் ஒரு பழைய ஸ்டோர் கட்டடம். எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, கையைச் சும்மா பேருக்குக் கட்டினார்கள். கடத்தல்காரர்களாக நடித்த இரண்டு சிப்பாய்களும் நல்ல பிள்ளைகள். ஒருவர் எனக்கு விசிறிவிட்டார். அக்கா அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி சத்தம். கதவு பெயர்ந்தது. ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் கறுப்பு முகமூடிகள். பூட்ஸ் சத்தம் தரையில் அதிர்ந்தது. ஒருவர் அக்காவின் தோளைப் பிடித்தார். அவ்வளவுதான். அக்கா கயிற்றை உதறி, காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் மூக்கிலேயே ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டார்.

"அரிசி இல்லீங்க! எங்க வீட்டுல அரிசி இல்லீங்க! அப்பாவை விட்டுருங்க!"

எல்லாரும் முகமூடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா தமிழில் என்ன சொல்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. சேகரன் மட்டும் சிரிக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, "அக்கா, நான் சேகரன். பாருங்க, நம்ம கேம்புதான்" என்று மெதுவாகச் சொல்லி வெளியே அழைத்து வந்தார். மரநிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அக்கா அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வெள்ளைக்காரங்க போட்ட அவசரகாலத்துல எங்க தோட்டத்து லயத்து வீடுங்களைச் சுத்திக் கம்பிவேலி போட்டிருந்தாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். காட்டுல இருக்கிறவங்களுக்கு அப்பா அரிசி கடத்துறாருன்னு யாரோ சொல்லிட்டாங்க. விடியக்காலையில பட்டாளத்துக்காரங்க பூட்ஸு காலோட வந்தாங்க. பானையைக் கவுத்தாங்க, பாயைக் கிழிச்சாங்க. நான் கட்டிலுக்கு அடியில கெடந்தேன். அப்பாவைக் கொண்டுபோயிட்டாங்க."

"திரும்பி வந்தாரா அக்கா?" என்றேன்.

"வந்தாரு. ஆனா யாரோடயும் பேசல. வேலைக்குப் போவாரு, வருவாரு. ரெண்டு வருஷத்துல போய்ச் சேந்துட்டாரு."

காளிமுத்து என்ற தன் அப்பாவைப் பற்றி அக்கா அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இத்தனைக்கும் தினமும் என் கடையில் கோப்பி குடிப்பவர் அக்கா.

"மன்னிச்சிருங்க அக்கா. இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றார் சேகரன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பையனுக்கு மூக்குல பலமாப் பட்டுருச்சா?"

கொஞ்ச தூரத்தில் ஈரத்துணியை மூக்கில் வைத்தபடி ரொஸ்லான் நின்றிருந்தார். கிளந்தான் மாநிலத்துக்காரர், புதிதாகப் பச்சைத் தொப்பி வாங்கியவர். அக்கா எழுந்துபோய்த் தன் தோட்டத்து மலாயில் மன்னிப்புக் கேட்டார். அவர் பதறிப்போய், "தாக் அபா, மக்சிக்" என்றார். ஒன்றுமில்லை அத்தை என்று அர்த்தம். அக்கா அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சார்ஜன் தம்பி, அடுத்து எப்ப?"

"எதுக்குக்கா? வேணாம்லா."

"நான் மேசைக்கு அடியில போயிட்டேன். இவங்க என்னதான் செய்றாங்கன்னு பாக்கவே இல்ல. பாக்கணும்."

அடுத்த முறை சேகரன் தன் ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதே கட்டடம், அதே இடி. அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தார். கடத்தல்காரர்களை வீழ்த்திய கையோடு ஒரு முகமூடி எங்கள் முன் குனிந்து, "மக்சிக், சாயா ரொஸ்லான். ஜாங்கான் தாகுட்" என்றது. பயப்படாதீங்க, நான் ரொஸ்லான். இந்த முறை அக்காவின் செருப்பு காலிலேயே இருந்தது. ரொஸ்லான் தூக்கியதும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே வெளியே வந்தார். புல்தரையில் இறக்கிவிட்ட பிறகு அந்தக் கட்டடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனை முறை எங்களை மீட்டார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. பஸ்ஸில் பிடித்துவைத்தார்கள். தஞ்சோங் பிடாரா கடலில் படகில் வைத்தார்கள். மொட்டைமாடியில் வைத்தபோது நான்தான் கத்தி ஊரைக் கூட்டினேன். அக்காவுக்குப் பயம் போய் உரிமை வந்துவிட்டது. தோளில் போட்டுத் தூக்கினால், "மூட்டையா நான்? ஒழுங்காத் தூக்குடா" என்பார். ஒருமுறை பஸ்ஸில் காத்திருந்து காத்திருந்து அசந்து தூங்கிவிட்டார். இடி முழக்கத்துக்கும் எழவில்லை. மீட்க வந்தவர்கள் மக்சிக், மக்சிக் என்று தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. இன்னொரு முறை வீட்டில் சுட்ட அப்பத்தைக் கடத்தல்காரப் பிள்ளைகளுக்குப் பங்குவைத்துக்கொண்டிருந்தபோது கதவு உடைந்தது. "இருங்கடா, இவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல!" என்று குறுக்கே கையை நீட்டிவிட்டார். அன்றைக்குப் பயிற்சி அதோடு சரி. மீட்க வந்தவர்களும் உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார்கள்.

தொண்ணூற்று நான்கில் ஐ.நா. படையோடு போஸ்னியாவுக்குப் போனவர்களில் ரொஸ்லானும் இருந்தார். அதுவரை எங்களுக்கு இது பாதி விளையாட்டுதான். அக்கா தினமும் வேலை முடிந்து கடைக்கு வந்து, டிவியில் செய்தி முடியும்வரை எழமாட்டார். மலாய்ச் செய்தி வேகம் அவருக்குப் பிடிபடாது. படத்தைப் பார்ப்பார். பனி, இடிந்த வீடு, முக்காடு போட்ட கிழவிகள்.

"அங்கயும் கதவை உடைச்சுத்தான் உள்ள போவாங்களா தம்பி?" என்று சேகரனைக் கேட்டார்.

"இல்லக்கா. அங்க பெரும்பாலும் காவல் வேலை. சனங்களுக்கு மாவு, அரிசி கொண்டுபோற லாரிக்குத் துணையாப் போவாங்க."

"அரிசியா?"

"ஆமாக்கா."

அக்கா எழுந்து, குடித்த கிளாசைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போனார்.

மறுவருஷம் ரொஸ்லான் திரும்பி வந்தார். ஆள் இளைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. முன்பெல்லாம் கடைக்குள் நுழையும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு வருபவர், இப்போது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அக்கா அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரச்சொன்னார். என்னிடம் கோழி வாங்கி, என் சட்டியிலேயே சமைத்து எடுத்துப் போவார், ஹலால்தானா என்று அவர் மனம் சங்கடப்படக்கூடாதென்று. சில வாரம் நானும் கூடப் போனேன். புனிதா பரிமாறுவாள். ரொஸ்லான் தலை நிமிராமல் சாப்பிடுவார். அக்கா எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு மத்தியானம் ரொஸ்லான் தானாகவே பேசினார். போஸ்னியாவில் மலை ஓரம் ஒரு கிராமம். குண்டு விழுந்துகொண்டிருந்தது. எல்லாரையும் கவச வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு கிழவி மட்டும் வீட்டு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அலறினார். சிப்பாய் உடையைக் கண்டாலே அவருக்கு நடுங்கியது.

அக்கா வெற்றிலையைக் கீழே வைத்தார். "நீ உன் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன், மக்சிக். ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, குனிஞ்சு, என் பேர் ரொஸ்லான்னு சொன்னேன். எங்க பாஷை அவங்களுக்கு எங்க தெரியும்? ஆனா பேருன்னு புரிஞ்சுது. அவங்களும் அவங்க பேரைச் சொன்னாங்க. அப்புறம் கையை விட்டாங்க."

"வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. அது எனக்குத் தெரியக்கூடாதென்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றேழில் புனிதாவுக்குச் சுங்கை ரம்பாயில் கல்யாணம். கோயில் மண்டபத்துக்குக் கேம்பிலிருந்து பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்ட இளைஞர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பந்தி ஆரம்பித்ததும் உட்காராமல் வாளிகளைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். சாம்பார் ஒருவர், பொரியல் ஒருவர், பாயசத்துக்கு ரொஸ்லான். இலை காலியாவதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அக்காவை மெதுவாகக் கேட்டார். "யாரும்மா இந்தப் பசங்க? கேட்டரிங்கா?"

"என்னைக் காப்பாத்துன பிள்ளைங்க" என்றார் அக்கா.

"எதுலேருந்து?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது? "சாப்பிடுங்க மாமா, பாயசம் வருது" என்று நகர்ந்துவிட்டார்.

அடுத்த வருஷமே அக்கா மகளோடு சுங்கை ரம்பாய்க்குப் போய்விட்டார். சேகரன் ஓய்வுபெற்று ஜாசினில் வீடு கட்டினார். கேம்பில் இப்போது பயிற்சிக்குக் கைதியாகப் பொம்மைகளை வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கடையையும் மூடிவிட்டு நாங்கள் தெங்கேராவுக்கு வந்துவிட்டோம். நோன்புப் பெருநாளைக்கு அக்கா பஸ் ஏறி வருவார். முட்டிவலி, பேரன் சேட்டை, ரத்தத்தில் சீனி அளவு என்று பேச்சு போகும். திடீரென்று, "ரம்லா, அந்த லாரி ஞாபகம் இருக்கா?" என்பார்.

எப்படி மறக்கும்? பயிற்சி நாளில் காலையிலேயே கடை முன்னால் இராணுவ லாரி வந்து நிற்கும். அக்கா தலை நிறையப் பூவும் முகத்தில் பவுடருமாக, சினிமாவுக்குப் போகிற மாதிரி வந்து நிற்பார். பின்பக்கம் ஏற அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு கை கொடுப்பார்கள். லாரி செம்மண் பாதையில் திரும்பும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்வோம். காற்றில் என் முக்காடு பறக்கும். என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்துக்கொண்டு போவோம்.