பேனரில் தொங்கிய உச்சந்தலை

தவமணிக்கு உச்சந்தலையில் மூன்று விரல் அகலத்துக்கு முடி இல்லை. காதுக்குக் காது ஓடும் தடம் அது. இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்தி அழுந்தித் தேய்த்த தடம். நமுனுகுல மலைச்சரிவில் அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் இப்படித் தலை உள்ள பெண்கள் இன்னும் பலர் உண்டு. அதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. குளிக்கும் நேரம் தவிர தவமணி தலைத்துணியை அவிழ்த்ததே இல்லை. புருஷன்கூட அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது கிடையாது.

அப்படிப்பட்ட தலை, போன வெள்ளிக்கிழமை பதுளைக் கடைத்தெருவில் ஆளுயரப் பேனரில் தொங்கியது.

தொங்கவிட்டவள் நிஷாந்தினி. தவமணியின் சொந்த அண்ணன் மகள். தவமணி குடியிருக்கும் அதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, கொழும்பில் ஒரு சலூனில் நாலு வருஷம் வேலைக்கு நின்றுவிட்டு வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அழகுசாதனக் கடை போட்டவள். முடி வளர்க்கும் விட்டமின் மாத்திரைதான் அங்கே பெரிய வியாபாரம்.

"அத்தை, ஒங்களுக்குச் சும்மாவே தாறேன். சாப்பிடுறதுக்கு முன்ன ஒரு படம், பெறகு ஒரு படம். நான் பாத்துக்கத்தான். யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று ஆறு மாதத்துக்கு முன் தேனாகப் பேசித் துணியை அவிழ்க்க வைத்தாள்.

ஆசை யாரை விட்டது? தினமும் விடியலில் தவமணி ஒரு மாத்திரையை விழுங்கினாள். நகம் வளர்ந்தது. உச்சியில் ஒரு மயிர் முளைக்கவில்லை. எப்படி முளைக்கும்? மாத்திரையை விழுங்கிய கையோடு கயிற்றை எடுத்து அதே இடத்தில்தானே மாட்டினாள்.

சேதி மலையேறி வர ஒரே நாள்தான் பிடித்தது. சனிக்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடக் கொழுந்து பறிக்கும் சாந்தமலர் பேனர் படம் இருந்த போனை நீட்டினாள்.

"காது மச்சத்த வச்சே கண்டுபுடிச்சிட்டோம் அக்கா! பக்கத்துல இடுப்பு வரைக்கும் கூந்தலோட நிக்கிறதும் நீங்கதானாமே? அத எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"கூடைக்குள்ள சுருட்டி வச்சிருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

சிரித்த அத்தனை பேர் தலையிலும் துணி இருந்தது. தவமணிக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினாள். அந்தப் பேனர் இன்றைக்கே இறங்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"பேனர அவுத்துப் போடு."

நிஷாந்தினி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல உக்காருங்க அத்தை."

"உக்கார வரல. அவுத்துப் போடுடி."

"மொகமே தெரியலையே. யாருக்குத் தெரியப்போகுது?"

"தோட்டமே சிரிக்குது. யாருடி அந்தக் கூந்தல்காரி?"

"இன்டர்நெட்ல எடுத்தது. வியாபாரம்னா அப்படித்தான். ஆறு மாசம் ஓசியில முழுங்குனீங்களே, அப்ப இனிச்சுச்சா?"

"நீயும் ரெண்டு வருசம் கூடை தூக்குனவதானே? இந்தத் தலைய எது தின்னுச்சுன்னு ஒனக்குத் தெரியாது?"

நிஷாந்தினியின் கை தன் உச்சிக்குப் போய்ப் பாதியில் நின்றது. "கத்தாதீங்க. கஸ்டமர் வர்ற நேரம். போங்க, இல்லாட்டி பொலிசுக்குச் சொல்லுவேன்."

"போறேன்."

வாசற்படி வரைக்கும்தான் போனாள். பேனருக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். காற்றுப் பட்டதும் அந்த இடம் சில்லென்றது; தெரு முழுக்கத் தன் தலைமேல் ஏறி நிற்பதுபோல உடம்பு கூசியது. எழுந்து ஓடிவிடலாமா என்றும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பஸ்ஸுக்குப் போனவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். மாத்திரை வாங்க வந்த லரீபா டீச்சர் படியில் நின்றுவிட்டார்.

"இது நீங்கதானா? மருந்து குடிக்க முந்தின படமா?"

"குடிச்சு முடிச்ச தலையும் இதேதான் டீச்சர். நல்லாப் பாத்துக்கங்க."

டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே.

மத்தியானம் நிஷாந்தினி கத்தியோடு வெளியே வந்து கயிறுகளை அறுத்தாள். பேனர் தவமணியின் காலடியில் விழுந்தது.

"எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. இனிமே அண்ணன் மகள்னு இந்தப் பக்கம் வந்துராதீங்க."

"ஒன் வாசல மிதிச்சா கேளு" என்று பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

லயத்துக்குப் பின்னால் விறகு நனையாமலிருக்க ஒன்று வேண்டியிருந்தது. பேனரை இரண்டாக மடித்து, தன் தலை உள்ளே இருக்கும்படி விறகின்மேல் விரித்து, நாலு கல்லை வைத்தாள். மழைக்கும் கோழிகளுக்கும் அந்தக் கூந்தல்காரி கிடந்தாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், பேர் கூப்பிடுமுன், சாந்தமலர் மெல்ல ஒட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, மிச்ச மாத்திரை ஏதும் இருக்கா? வீசிறாதீங்க. எனக்குத் தாங்களேன்."

தவமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கயித்தக் கழட்டி வீசிட்டு வா, தாறேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து, தன் கயிற்றை எடுத்து மாட்டினாள். அது பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தது.