தலைமாட்டைத் தூக்கு

நகைக்கடையில் ஷட்டரை ஏற்றுகிறார்கள். ஓரத்துப் பெட்டியில் கம்பியைச் செருகி ஒருவர் சுற்ற, கிர்ர்க், கிர்ர்க் என்று இரும்பு முனகிக்கொண்டே மேலே போகிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் அந்த நேரத்துக்கு அதெல்லாம் ஒரு சத்தமே இல்லை. எனக்கு மட்டும் கால் நின்றுவிடுகிறது. அந்தச் சத்தம் வேண்டும் என்று ஒரு மத்தியானம் முழுக்க நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். சீவலப்பேரி வண்டி. காலமெல்லாம் நின்றே பிழைத்தவர். சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியில் சாய்ந்துதான் நிற்பார். வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. வாய் லேசாகக் கோணியது. பேச்சு போகவில்லை, ஏச்சும் போகவில்லை. நான் வேலைக்குப் போகிறவள், வீடு மாடியில். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலை ஒட்டிய முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். சேர்த்தேன். அதற்காக அழுகிற வரி ஒன்று இங்கே வரும் என்று காத்திருக்க வேண்டாம். அவரே அழவில்லை.

கட்டில்கள் நல்ல கட்டில்கள்தாம். கால்மாட்டில் இரண்டு கைப்பிடி மாட்டலாம். ஒன்றைச் சுற்றினால் தலைமாடு உயரும். மற்றதைச் சுற்றினால் முழங்காலுக்கு அடியில் மெத்தை கூடாரம்போல எழும்பும். ஆனால் ஒரு கட்டிலிலும் கைப்பிடி இல்லை. நடக்கிறவர்கள் காலில் இடிக்கிறது என்று மேனேஜர் அத்தனையையும் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டார். எல்லாக் கட்டிலும் ஒரே மட்டம். பார்க்க வருகிறவர்களுக்கு ஒழுங்கு. படுத்திருக்கிறவர்களுக்கு மின்விசிறி, மின்விசிறி, மின்விசிறி.

சாப்பாட்டுக்கு மட்டும் முதுகில் இரண்டு தலையணை. நாலு வாய்க்குள் அப்பா சரிந்து கீழே போய்விடுவார். மல்லாந்த தொண்டையில் ரசச்சோறு வழி தவறும். இருமல், கண்ணெல்லாம் தண்ணீர்.

அன்றைக்கு நான் போனபோது அப்படி ஒரு இருமல் ஓய்ந்திருந்தது. மேனேஜர் வாசலிலேயே நிறுத்தினார்.

"இனிமே மூக்கு வழியா குழாய் போட்டுருவோம்மா. நாளைக்கு நர்ஸ் வருவாங்க. அவருக்கும் சிரமம் இல்ல, நமக்கும் சிரமம் இல்ல."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னவே மேனேஜரே, வாய் இங்கன சும்மாதான கெடக்கு? மூக்கு எதுக்கு?"

"அண்ணாச்சி, படுத்துக்கிட்டே சாப்பிட்டா பொரை ஏறுதுல்லா."

"யாருவே படுத்தா? நீருல்லா படுக்க வச்சிருக்கீரு!"

கைப்பிடியைக் கொடுங்கள் என்றேன்.

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். அங்கே அப்பா வாயை இறுக்கிக்கொண்டார். இல்லத்தில் கவனித்துக்கொள்கிற அக்கா கரண்டியை நீட்ட நீட்ட, தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "தலைமாட்டத் தூக்காம ஒரு பருக்கை எறங்காது." சோறு ஆறியது. ரசத்தில் ஆடை படிந்தது. பக்கத்துக் கட்டில் வாத்தியார் முழங்கையை ஊன்றி எம்பி எங்களையே பார்த்தார். சினிமா பார்க்கிற முகம்.

கடைசியில் மேனேஜர் சாவியை எடுத்தார். "யாருக்காவது கால்ல இடிச்சா?"

"சுத்தி முடிச்சதும் கழத்தி மெத்தைக்கு அடியில வச்சிருவோம். அங்கன எந்தக் காலு போய் இடிக்கப் போகுது?" என்றேன்.

அக்கா வேலூர்ப் பக்கம். குனிந்து வேகமாகச் சுற்றினாள். கிர்ர்க். கட்டில் குலுங்கியது.

"பைய, பைய!" என்றார் அப்பா. எங்களுக்கு அது மெதுவாக. அவள் சுற்றுவதை விட்டுவிட்டு அங்குமிங்கும் தேடினாள்.

"எந்தப் பையை ஐயா?"

வாத்தியார் சிரித்த சிரிப்பில் அவர் கட்டிலும் ஆடியது. அப்பா சிரிக்கவில்லை. "ஒனக்குப் பஸ் பாஷதான் சரி" என்று சொல்லிவிட்டு, இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். "ரைட்!" அவள் சுற்றினாள். தலைமாடு எழுந்தது. "ஹோல்டான்!" நின்றது. அது அவளுக்கும் தெரிந்த தமிழ்.

ஆனாலும் சரிந்தார். மேனேஜர் முகத்தில் ஒரு 'நான்தான் சொன்னேனே' விரிந்தது. அப்பா விடவில்லை. "மேட்டுல வண்டிய நிறுத்துனா சக்கரத்துக்குக் கல்லு வைக்க வேண்டாமா? தலைய எறக்கு. முட்டிய மொதல்ல தூக்கு."

இறக்கினோம். முழங்கால் முதலில் எழுந்தது, பிறகு தலை. இந்த முறை உடம்பு வழுகவில்லை. அப்பா உட்கார்ந்தார். சாய்த்து வைத்த உடம்பு அல்ல, உட்கார்ந்த மனுசன். சன்னலுக்கு வெளியே வயல் இருப்பதை அப்போதுதான் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத் தட்டை இழுத்தார். கரண்டியைத் தள்ளினார். இடது கையைச் சோற்றுக்குள் விட்டார்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, பீச்சாங்கையாலயா!"

"வே வாத்தியாரே, சோறு எடுக்குற கைதான சோத்தாங்கை? இன்னையிலருந்து இதுதான். அது ரிட்டையர் ஆயிட்டு."

பாதி சட்டையில், பாதி வாயில். பிசைகிற விரல்களுக்கு வேலை புதுசு. உருண்டை உருண்டையாகவே வரவில்லை. மேனேஜர் கதவோரம் இருமலுக்காகக் காத்து நின்றார். நானும்தான் நின்றேன். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. தட்டு காலியானது.

"சரி, நர்ஸ வர வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்படியே எனக்கும் கொஞ்சம் தூக்கச் சொல்லும்" என்றார் வாத்தியார்.

வெயில் சாய்ந்தது. ஊருக்குள் போகிற பஸ்ஸுக்கு நேரமானது. அப்பாவின் தாடையில் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. புறப்படுமுன் துண்டை எடுத்துக் குனிந்தேன். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

"விடுட்டி. என் சோறு, என் தாடை. நீ போயி பஸ்ஸப் பிடி."